சத்தமில்லாத ஏலம்

என் அண்ணனுக்கு உத்தியோகம், நாடுகளுக்குப் புத்தி சொல்வது. சொந்த நாட்டுக்கு இல்லை, அடுத்தவர்கள் நாட்டுக்கு. நாணயம் சரிந்துபோன நாடு, கஜானா காலியான நாடு, பெரிய தேசத்திலிருந்து பிரிந்து வந்து புதிதாக நோட்டு அச்சடிக்க வேண்டிய நாடு என்று எங்காவது ஒன்று கூப்பிடும். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஊர் நிதியமைச்சகத்தில் ஆறு மாதமோ ஒரு வருஷமோ உட்காருவார். எந்தெந்த நாடு என்று நான் எழுதக் கூடாது, அவர் தொழிலில் அது ஒரு கட்டுப்பாடு. ஆகையால் இதில் யார் பெயரும் வராது. அவரை மட்டும் மறைத்துவிட்டு மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பது நியாயமில்லையே.

நானும் பொருளாதாரம்தான் படித்தேன். கோயமுத்தூரில் அதே கல்லூரி, அதே வாத்தியார்கள், அவருக்குச் சில வருஷம் பிந்தி. எம்.ஏ.யில் எனக்கு அவரைவிட மதிப்பெண் அதிகம். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நாங்கள் குடியிருக்கும் கணபதியில் இதை என் வாயால் கேட்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேல்படிப்புக்கு டெல்லி அனுப்ப அப்பாவால் ஒரு பிள்ளைக்குத்தான் முடிந்தது. ஒரு மில் தொழிலாளி அதையாவது செய்தாரே என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அண்ணன் டெல்லியிலிருந்து கடல் தாண்டிப் போனார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தேவைக்கோடு ஏன் கீழ்நோக்கிச் சரிகிறது என்று கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். வருஷா வருஷம் அதே கோடு, அதே சரிவு.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிற்றெரிச்சல் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். லீவில் வரும்போது அவர் துணியெல்லாம் ஏதோ ஒரு ஓட்டல் சோப்பு வாசனை அடிக்கும். அதைத் துவைத்துப் போட்டதும் நான்தான். ஒரு நீண்ட மேசை, நடுவில் குட்டிக் குட்டிக் கொடிகள், சுற்றிலும் கோட்டுப் போட்டவர்கள், ஓரத்தில் அண்ணன், இப்படி ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். என்னோடு இருந்த அப்பா அதற்குச் சட்டம் போட்டு எங்கள் ஹாலில் மாட்டச் சொன்னார். வீடு என்னுடையது, ஆணி அடித்தது என் வீட்டுக்காரர், படம் அண்ணனுடையது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று, "இதுல மந்திரி யாருங்க?" என்று கேட்பார்கள். அப்பா மந்திரியைக் காட்டமாட்டார், அண்ணனைத்தான் காட்டுவார்.

எனக்கென்று ஏதாவது இருந்தது என்றால் அது என் தொண்டை. வகுப்பறையில் நான் பேசினால் மைதானத்துக்கு அப்பால் சைக்கிள் நிறுத்தம் வரை கேட்கும். என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருப்பவர், சத்தத்துக்குப் பழகியவர், அதனால்தான் துணிந்து என்னைக் கட்டினார் என்று சர்ச் சபையில் கேலி செய்வார்கள். அந்தத் தொண்டையை நம்பித்தான் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்தை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பொம்பளை ஏலம் விடுவதா என்று முதல் வருஷம் முனகியவர்கள், மறு வருஷம் எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

எங்கள் சபையில் சொந்தமாக வயல் வைத்திருந்தவர்கள் யாரும் கிடையாது. எல்லாரும் தாத்தா காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்கு அறுத்தவர்கள். பேரப்பிள்ளைகள் மில்லுக்கும் பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள். ஆனாலும் அறுப்பின் பண்டிகை என்றால் விளைச்சல் வந்து குவியும். கோபிச்செட்டிபாளையத்துச் சொந்தக்காரர்கள் வாழைத்தார் கொண்டுவருவார்கள், காங்கேயத்திலிருந்து பஸ் மேல் தேங்காய் மூட்டை வரும். ஒன்றும் இல்லாதவர்கள் உக்கடம் மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் காய்த்தது போல பயபக்தியோடு படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்துப் பந்தலில் அத்தனையும் ஏலம்.

அதை நான் எப்படி நடத்துவேன் என்கிறீர்கள்? பொருளை விற்கக் கூடாது, ஆளைத்தான் விற்க வேண்டும். ஒரு சேவலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மச்சான் கேட்டுப்போட்டாருங்க, மாப்பிள்ளை சும்மா இருக்கறாரு, ஏனுங்க, பொண்ணு குடுத்த ஊடு பாத்துட்டு இருக்குதுங்க!" என்றால் போதும். சேவல் விலை எங்கேயோ போய்விடும். எடுத்தவர் அதைத் திரும்பச் சபைக்கே கொடுப்பார். மறுபடி ஒரு தரம், ரெண்டு தரம். பிள்ளைகள் சிரித்து உருளும். அந்த ஒரு மத்தியானம் மட்டும் சபையில் என்னை யாரும் அண்ணனுடைய தங்கச்சி என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் அப்பா ஒரு தடவைகூட ஏலம் கேட்டதில்லை. பந்தலில் கடைசிக்கு முந்தின வரிசையில், கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஏலம் விட ஆரம்பித்த நாளிலிருந்து, அப்பா ஒரு எலுமிச்சம்பழத்துக்காவது வாயைத் திறக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கம் திரும்பி, "பெரியவர் ஏதோ சொல்றாப்ல இருக்குதுங்க" என்று இழுத்துக்கூடப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மகன் மந்திரிகளுக்குப் புத்தி சொல்கிறான், மகள் பூசணிக்காய் விற்கிறாள், இதில் கேட்க என்ன இருக்கிறது?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அண்ணனுடைய லீவு அறுப்பின் பண்டிகை சமயத்தில் வந்து விழுந்தது. பண்டிகைக்கு முந்தின வாரம் போதகர் வீட்டுக்கு வந்தார். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நீங்க கவர்மெண்டுக்கே ஏலம் நடத்திக் குடுக்கறவருன்னு அப்பா சொன்னாருங்க. நம்ம சபைக்கும் இந்த வருசம் ஒருக்கா நடத்திக் குடுங்களேன். சனங்களுக்கும் ஒரு புதுமையா இருக்கும்."

அண்ணன் உடனே, "அதுக்கென்னங்க பாஸ்டர், செஞ்சாப் போச்சு" என்றார்.

ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. நான் டீயோடு வந்து நின்றபோது போதகர் என்னைப் பார்த்துச் சிரித்து, "அம்மணிக்கும் ஒரு வருசம் தொண்டைக்கு ஓய்வா இருக்குமுங்க" என்றார். டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார். மறக்கவில்லை.

போதகர் போன பிறகு அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்கண்ணா, உலகமெல்லாம் ஏலம் உட்டது பத்தாதுன்னு என்ற ஏலத்துலயும் வந்து கைய வெக்கோணுமா?"

அண்ணனுக்குக் கோபம் வராது. அதுவே எனக்குக் கோபத்தைக் கிளப்பும். பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். அவர் போயிருந்த ஒரு நாட்டில் அரசாங்கத்துக்குக் கொஞ்சம் டாலர் வரும். அதை அந்த ஊர் பேங்குகளுக்கு ஏலத்தில் விற்க வேண்டும். இவர் போவதற்கு முன்னால் எல்லா பேங்குக்காரர்களையும் ஒரு அறையில் உட்காரவைத்து வாயால் கேட்கச் சொல்வார்களாம். பெரிய பேங்குக்காரர் முதலில் ஒரு விலை சொல்வார், அதற்கப்புறம் சின்ன பேங்குக்காரர்கள் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், டாலர் முழுக்கப் பெரியவருக்கே போகும். அண்ணன் போய் அந்த அறையை மூடச் சொல்லிவிட்டு ஒரு பெட்டி வைத்தார். அவரவர் விலையைத் தாளில் எழுதி உறையில் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்த்து, விலையில் மேலே இருப்பவருக்குக் கொடுப்பது.

"இவ்வளவுதானுங்களா உங்க உத்தியோகம்?"

"இவ்வளவுதாங்கண்ணு. அந்தப் பெட்டிய வெக்கறதுக்குள்ள எட்டு மாசம் ஆச்சு" என்று சிரித்தார்.

"மச்சானுக்கு மேல கேக்கற சந்தோசம்?"

"அது கெடைக்காது."

"பின்ன அதுக்குப் பேரு ஏலமா, எழவு ஊடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் நல்ல விளைச்சலுக்காக ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் கர்த்தரிடம் மழை கேட்டேன், ஏலம் பந்தலில் நடப்பதால். வெயில் சுளீரென்று அடித்தது. கர்த்தரும் அண்ணன் பக்கம் என்று தெரிந்துகொண்டேன்.

அண்ணன் பந்தல் நடுவில் நின்று முறையை விளக்கினார். அவர் பேச்சு அவருக்கே கேட்காது. நிதியமைச்சக அறைகளில் தாழ்ந்த குரலில் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது. "ஏனுங்க, என்ன சொல்றீங்க, இங்க கேக்கலைங்க" என்று பின்வரிசையிலிருந்து சத்தம். அன்றைக்கென்று மைக் செட்டும் கரகரவென்று இழுத்து நின்றுபோனது. நான் கைகட்டிக்கொண்டு ரசித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ சத்தமாச் சொல்லு. அங்கயும் அப்படித்தான், மந்திரி படிப்பாரு, நான் பொறத்தால உக்காந்திருப்பேன்" என்றார். இப்படியாக எனக்கும் ஒரு மந்திரி பதவி கிடைத்தது.

ஆளுக்குக் கொஞ்சம் துண்டுச்சீட்டும் பென்சிலும் கொடுத்தோம். ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டியதும், வேண்டியவர்கள் பெயரையும் தொகையையும் எழுதிக் காணிக்கைப் பையில் போட வேண்டும். முதல் பை வந்து பிரித்தபோது என் மனசு குளிர்ந்தது. ஒருவர் தொகையே போடாமல் பைபிளிலிருந்து ஒரு சங்கீத வசனம் எழுதியிருந்தார். ஒரு அம்மா தன் பெயரும் தொகையும் எழுதிவிட்டு, கீழே 'பாஸ்டரம்மா ஆசைப்பட்டா அவியளுக்கே குடுத்துருங்க' என்று சேர்த்திருந்தார். ஃபவுண்டரி வைத்திருக்கும் எங்கள் சபைப் பெரிய மனிதர் ஒருவர் எழுதியிருந்ததுதான் உச்சம்: 'மத்தவங்க எவ்வளவு எழுதியிருந்தாலும் அதுக்கு மேல ஒரு ரூவா.'

கவிழ்ந்தது கப்பல் என்று நினைத்தேன். அண்ணன் அந்தச் சீட்டைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அங்க பெரிய பேங்கு மொத வாரம் இதையேதான் எழுதுச்சு" என்று என் காதில் சொன்னார். பிறகு அவரிடம் போய், "தொகை வேணுமுங்க மாமா, உங்க மனசுல இருக்கறத எழுதுங்க, யாருக்கும் தெரியாது" என்று தணிவாகச் சொல்லிவிட்டு வந்தார். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "சத்தமில்லாத பண்டிகை ஒரு நோம்பியா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முனகினார். என் மனசில் அவருக்கு ஒரு மாலை போட்டேன்.

அப்புறம் சீட்டுகள் ஒழுங்காக வர ஆரம்பித்தன. சீட்டுகளைப் பிரித்து அண்ணன் தொகையில் மேலே இருப்பதை என்னிடம் நீட்டுவார், நான் பெயரை உரக்கச் சொல்வேன். அந்தப் பெயர்கள் நான் ஏலத்தில் இதுவரை சொல்லாத பெயர்கள். சர்ச்சைக் கூட்டிப் பெருக்கும் அம்மா வாழைத்தார் எடுத்தார். ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் சேவலை எடுத்துவிட்டு, அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். என் வீட்டுக்காரர் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் தேங்காய்களை எடுத்தார். பெயரைக் கேட்டதும் அவர்கள் எழுந்து வந்த விதம் இருக்கிறதே, பரிசு வாங்க வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள். என் ஏலத்தில் வருஷக்கணக்காகக் கைதட்டிக்கொண்டு மட்டும் இருந்தவர்கள் இவர்கள். போதகர் முகம் மலர்ந்து போயிருந்தது. அண்ணன் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். அப்பா மில்லில் இருக்கும்போது ராத்திரிப் பள்ளியில் எழுதப் படித்தவர். அவர் எழுத்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், வரிசையில் நிற்கும் பிள்ளைகள் போலத் தனித்தனியாக நிற்கும். வாழைத்தாருக்கு வந்த சீட்டுகளில் அது இருந்தது, சின்னத் தொகை. சரி, ஒன்றுக்குக் கேட்டிருக்கிறார் என்று நினைத்தேன். சேவலுக்கும் இருந்தது. தேங்காய்க்கும் இருந்தது. கேக்குக்கும், மஞ்சள் கிழங்குக்கும், நான் பள்ளிக்கூடத்துத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பப்பாளிக்கும் இருந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். கடைசிக்கு முந்தின வரிசையில் முழங்காலில் பாட்டுப் புஸ்தகத்தை வைத்து, அதன் மேல் சீட்டை வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் மடித்தார். அவரை அவ்வளவு குஷியாக நான் பார்த்ததே இல்லை.

எல்லாவற்றிலும் தோற்று, கடைசியில் ஒரு சுரைக்காய் அவருக்கு விழுந்தது. கோணல் சுரைக்காய், வேறு யாரும் எழுதவில்லை. நான் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டேன். "நானுங்க" என்று கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து, என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, குரலே எழுப்பாமல், அதையும் அண்ணன் வாங்கிக்கொண்டு போய்விட்டார். டெல்லியைக் கொடுத்தேன், ஆணியைக் கொடுத்தேன், இதையுமா?

சபை விருந்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். அவர் சுரைக்காயை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணனும் அங்கேதான் இருந்தார்.

"ஏனுங்கப்பா, என்ற ஏலத்துல ஒருக்காக்கூட வாயத் தொறக்கலயே. அண்ணன் ஏலம்னா மட்டும் அத்தனைக்கும் எழுதறீங்க. நான் என்னங்க கொறச்சல்?"

அப்பா சுரைக்காயை மடியில் திருப்பி வைத்தார். கோபித்துக்கொண்டாரோ என்று பார்த்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தார்.

"நீ மேல நின்னு கூப்பிடறப்ப, எங்க பண்ணாடி காட்டுல நின்னு கூப்பிடற மாதிரியே இருக்குங்கண்ணு" என்றார்.

பண்ணாடி என்றால் தோட்டத்து முதலாளி. மில்லுக்கு வருவதற்கு முன்னால் அப்பா சிறுவயதில் காங்கேயத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்கு இருந்தவர்.

"அந்தக் கொரலுக்கு ஓடித்தான் பழக்கம். எதுத்து ஒரு வார்த்தை சொல்லிப் பழக்கமில்ல. பெருமையாத்தான் இருக்கும், நம்மூட்டுப் புள்ளைக்கு அந்தக் கொரல் வந்துருச்சேன்னு. கேக்கோணும்னு ஆசையாவும் இருக்கும். வாய்தான் வராது. நான் என்ன பண்ணட்டும்?"

சுரைக்காயை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று அழுதேன். அண்ணன் பின்னாலேயே வந்தார்.

"உங்களுக்கு இது தெரியுமாங்கண்ணா?"

"சந்தைக்குப் போனா அப்பா வெலை கேக்கமாட்டாரு, பாத்திருக்கறயா? கை காட்டிப்போட்டு என்னையத்தான் கேக்கச் சொல்லுவாரு. அந்த ஊர்ல சின்ன பேங்குக்காரங்க மேசையவே பாத்துட்டு உக்காந்திருந்தாங்கன்னு சொன்னனில்ல, அன்னைக்கு எனக்கு அப்பா மொகந்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறந்தான் பெட்டி ரோசனையே வந்துச்சு."

அதோடு அண்ணன் மேல் இருந்த பொறாமை தீர்ந்துபோனது என்று முடித்தால் நன்றாக இருக்கும். கூடித்தான் போனது. விமானத்துக்கும் ஓட்டல் சோப்புக்கும் பட்டது வேறு பொறாமை, அது காலப்போக்கில் ஆறிவிடும். அப்பா என் வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டு, என் கண் எதிரில் இருந்தவர். அவர் ஏன் பேசமாட்டார் என்பதை, வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறவர் எனக்கு முன்னால் கண்டுபிடித்து, ஒரு தேசத்துக்கே அதை வைத்து வழி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதை நான் எங்கே கொண்டுபோய் ஆற்றுவது?

மறு வருஷம் அண்ணன் வேறொரு நாட்டில் இருந்தார். போதகர் வந்து, "எப்படி வெச்சுக்கலாமுங்க அம்மணி? மாமால்லாம் பழையபடி சத்தமா நடத்தச் சொல்றாங்க. உங்க இஷ்டம்" என்றார். மாமாவும் அவரோடு சேர்ந்த நாலு பேரும் என் குரலுக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தொண்டை துடித்தது. சீட்டே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். டீயில் சர்க்கரையும் போட்டேன்.

அதிலிருந்து நான்தான் நடத்துகிறேன். சீட்டுக் கிழிப்பது, பென்சில் சீவுவது, பையைப் பிரிப்பது, மாமாவைச் சமாதானப்படுத்துவது எல்லாம் நான்தான். அப்பா இருந்தவரைக்கும் எல்லாவற்றுக்கும் எழுதிப் போட்டார், ஏதாவது ஒன்று அவருக்கு விழும். வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பும்போது, புதிதாகச் சபைக்கு வந்தவர்கள் யாராவது எட்டிக் கேட்பார்கள்: "இது நல்லா இருக்குதுங்களே, யாருங்க இப்படிப் பண்ணுனது?"

"என்ற பையன் பண்ணுனதுங்க" என்பார் அப்பா, நல்ல உரத்த குரலில், பந்தல் முழுக்கக் கேட்கும்படி.